எந்த அச்சு நம்மை வார்க்கிறது?

தியானப் பகுதி: ரோமர் 12:1-2, 1 கொரிந்தியர் 11:17-34



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம்முடைய வாலிபர் சிலர் என்னைச் சந்தித்து மூன்று விண்ணப்பங்களை வைத்தார்கள். பாடல்வேளைக்கு டிரம்ஸும் கிட்டாரும் வண்ண விளக்குகளும் வேண்டும் என்பது முதலாவது. ஆராதனை ஒரு மணி நேரத்திற்குள் முடிய வேண்டும் என்பது இரண்டாவது. தொடக்கத்தில் முழங்கால்படியிட்டுச் சொல்லும் பாவ அறிக்கையை விட்டுவிட்டு அந்த நேரத்தைத் துதிப் பாடல்களுக்குக் கொடுக்கலாமே என்பது மூன்றாவது. "ஐயா, நாங்கள் பழையதை அவமதிக்கவில்லை. புதிதாக வருகிற நண்பர்கள் வந்தவுடனே 'பாவி, பாவி' என்று சொல்லவேண்டியிருப்பதால் சங்கடப்படுகிறார்கள்" என்று ஒரு தம்பி தாழ்மையாகவே சொன்னான். இசைக்கருவிகளைப் பற்றிச் சபைக் குழுவில் பேசலாம் என்றேன். பாவ அறிக்கையை எடுக்க இயலாது என்றேன். ஏன் என்று அன்று விளக்க நேரமில்லை. அந்த விளக்கத்தையே இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன். பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கிய இது, முடிவில் பெரியவர்களாகிய நம்மிடமே வந்து நிற்கும் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

நம்முடைய ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் போகிறவர்கள் பீங்கான் தொழிற்கூடங்களை அறிவீர்கள். நம் சபையில் சிலருக்கு அதுவே அன்றாட அப்பம். பொம்மைகளும் விளக்குகளும் அங்கே எப்படி உருவாகின்றன என்று ஒருமுறை நின்று பார்த்தேன். களிமண்ணை நீரோடு கலந்து குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அதன்பின் யாரும் அதை அழுத்துவதில்லை, அடிப்பதுமில்லை. அச்சு சும்மா இருக்கிறது. ஆனால் அது உலர்ந்த அச்சு. தன்னைத் தொடுகிற குழம்பிலிருந்து நீரைக் கொஞ்சங்கொஞ்சமாக உறிஞ்சுகிறது. நீர் இறங்க இறங்க, அச்சின் உட்சுவரில் மண் படிந்து கெட்டிப்படுகிறது. சிறிது நேரம் கழித்து மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே ஒரு பொம்மை நிற்கிறது. அச்சில் இருந்த ஒவ்வொரு கோடும் பொம்மையிலும் இருக்கிறது. பொம்மையின் உள்ளோ வெற்றிடம்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் இதையே எச்சரிக்கிறார். அங்கே நம்முடைய தமிழ் வேதாகமம் 'வேஷம்' என்ற சொல்லை ஆளுகிறது. மூலமொழியாகிய கிரேக்கத்தில் அது 'ஸ்கேமா' என்ற சொல்லிலிருந்து பிறந்த வினை. வெளித்தோற்றம், வடிவம், கோலம் என்று பொருள்படும். இவ்வுலகத்தின் கோலத்திற்கு ஏற்றபடி உங்கள் உருவம் அமைந்துவிட இடங்கொடாதிருங்கள் என்பதே அவருடைய கருத்து. இவ்வுலகத்தின் கோலம் கடந்துபோகிறது என்று கொரிந்தியருக்கு எழுதும்போதும் (1 கொரி. 7:31) அதே 'ஸ்கேமா'வைத்தான் பயன்படுத்துகிறார். கடந்துபோகிற ஒன்றின் வடிவத்தை நிரந்தரமாக வாங்கிக்கொள்வது எத்தனை பெரிய நஷ்டம்! அதற்கு எதிராக அவர் சொல்லும் சொல் 'மறுரூபம்'. மலையின்மேல் நம் ஆண்டவருடைய முகம் பிரகாசித்ததைச் சொல்லும் இடத்திலும் (மத். 17:2) கிரேக்கத்தில் அதே வினைச்சொல்லே நிற்கிறது. அச்சு வெளியிலிருந்து வடிவம் கொடுக்கிறது. ஆவியானவர் உள்ளிருந்து மாற்றுகிறார்.

உலகம் சபையைக் கெடுப்பதென்றால் உபத்திரவத்தோடும் சட்டத்தோடும் வரும் என்று நாம் எண்ணுகிறோம். அப்படி வருவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது அச்சைப்போல் அமைதியாக இருந்து நம்மிலுள்ள ஜீவநீரை உறிஞ்சிவிடுகிறது. வடிவம் கெட்டிப்பட்டபின்பே நாம் கண்டுகொள்கிறோம்.

அப்படியானால் இக்காலத்து அச்சு எது? சினிமா, கைப்பேசி, ஆங்கில நாகரிகம் என்று பலரும் சொல்வார்கள். அவற்றிற்கெல்லாம் கீழே ஓர் அச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். அது மனிதனை வாடிக்கையாளனாக வார்க்கும் அச்சு. கடைக்குப் போனாலும், உணவு வரவழைத்தாலும், ஆட்டோவில் ஏறினாலும், நமக்குப் பிடித்ததா என்று கேட்டு நட்சத்திரம் கொடுக்கச் சொல்கிறார்கள். பிடிக்காததைக் கையால் தள்ளிவிடப் பழகுகிறோம். வாரத்தில் ஆறுநாள் இப்படி வாழ்ந்தவன், ஏழாம் நாள் ஆலயத்திற்குள் வரும்போது வேறு மனிதனாக வருவானா? அங்கும் அவன் கேட்பது, 'இன்றைய ஆராதனை எனக்கு எப்படி இருந்தது?' என்பதே. 'என் ஆராதனை கர்த்தருக்கு எப்படி இருந்தது?' என்ற கேள்வி மறைந்துபோகிறது.

வாடிக்கையாளனை இழக்க விரும்பாத சபை, அவனுக்குக் கசப்பானதை ஒவ்வொன்றாக எடுத்துவிடும். முதலில் பாவ அறிக்கை போகும். பிறகு சிலுவையைப்பற்றிய பிரசங்கம் குறையும். உபவாசம் போகும். ஆசீர்வாதம் என்ற சொல்லுக்கு வீடு, கார், விசா என்று மட்டும் பொருள் மிஞ்சும். நம்மிடையே இது ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது. ஞாயிறு காலையில் நீட் தேர்வுப் பயிற்சி என்றதும், ஒரு வார்த்தை எதிர்த்துக் கேளாமல் பிள்ளைகளை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நிறுத்துகிறோம். திருமண ஆராதனையில் உடன்படிக்கை வாசிக்கும் நேரத்தில் புகைப்படக்காரர் போதகரை விலகி நிற்கச் சொல்கிறார். நானும் விலகி நின்றிருக்கிறேன்.

2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, கைப்பேசி வழியாக ஆராதனை நடத்தினோம். படுக்கையிலிருக்கும் நம் தாய்மாருக்கும், வெளிநாட்டில் வேலைசெய்யும் நம் பிள்ளைகளுக்கும் அது இன்றும் பெரிய ஆறுதல். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் நல்ல கால்களோடு ஆலயத்திற்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, தேநீர் அருந்தியபடியே ஆராதனையைப் 'பார்க்கிற' நிலை வந்திருக்கிறதே, அதற்காகத் துக்கப்படுகிறேன். ஆராதனை பார்க்கும் பொருள் அல்ல. திருவிருந்தின் அப்பம் கைப்பேசித் திரையின் வழியாக வராது.

பாவ அறிக்கையை ஏன் விடமுடியாது என்றால், ஆராதனையில் வாடிக்கையாளன் சாகிற இடம் அதுதான். அங்கே நிலத்துக்காரரும் கூலிக்காரரும், பட்டதாரியும் கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டியும், போதகனாகிய நானும் ஒரே தரையில் முழங்காலில் நிற்கிறோம். எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறோம். எல்லாரும் ஒரே மன்னிப்பைப் பெறுகிறோம். வாரம் முழுதும் உலகம் நம்மீது ஒட்டிவைத்த விலைச்சீட்டு அங்கே கிழிகிறது. புதிதாக வருகிற நண்பருக்கு அது சங்கடமாக இருக்கலாம், மறுக்கவில்லை. அவருக்கு அருகில் அமர்ந்து அதன் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். அந்தச் சங்கடத்தினூடே போனவர்களே மன்னிப்பின் ருசியை அறிந்திருக்கிறார்கள்.

இதுவரை வாசித்த மூத்தோர் மகிழ்ந்திருப்பீர்கள். "சரியாகச் சொன்னார் ஐயர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தேவைதான்" என்றிருப்பீர்கள். இனி எழுதப்போவது நமக்கு.

பல ஆண்டுகளுக்குமுன் நான் வேறொரு சபையில் ஊழியம் செய்தேன். அங்கே ஒரு மூப்பர் இருந்தார். பக்தியுள்ளவர், வேதவாசிப்பில் தவறாதவர். ஆலயத்தில் முதல்முறை கிட்டார் ஒலித்த அன்று கண்ணீரோடு என்னிடம் வந்து, "உலகம் சபைக்குள் வந்துவிட்டதே ஐயா" என்றார். அதே மாதத்தில் தம் மகளுக்கு வரன் பார்க்கச் சொல்லி ஒரு பயோடேட்டாவை என் கையில் கொடுத்தார். அதில் ஒரு வரி, மணமகன் மறுபிறப்பின் அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும் என்றது. அதற்கு அடுத்த வரி, இன்ன சாதியினர் மட்டும் என்றது. முதல் பிறப்பை விடமுடியாதவருக்கு மறுபிறப்பு எதற்கு என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தாளை மடித்து வேதாகமத்திற்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வேறொரு ஊர்ப் போதகரிடம் கொடுத்தேன். வரன் அமைந்தது, நானே கரங்களை உயர்த்தி ஆசீர்வாதம் கூறினேன். கிட்டாரைக் கேட்டுக் கலங்கிய எங்கள் இருவருக்கும் அந்தத் தாள் உலகமாகத் தெரியவில்லை. அது பாரம்பரியமாகத் தெரிந்தது. அந்த மூப்பரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவருக்குப் போதகனாக இருந்தவன் நான்.

பிரியமானவர்களே, தமிழ்நாட்டுச் சபைக்குள் உலகம் நுழைந்தது நேற்றல்ல, டிரம்ஸோடும் அல்ல. 1706-இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். 1718-இல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. புதிய எருசலேம் என்று பெயரிட்ட ஆலயத்திற்குள்ளேயே சாதிவாரியாக இடம் பிரித்து அமர்ந்தார்கள் நம் முன்னோர். 1733-இல் நம் கடலூரில் பிறந்த ஆரோன், முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அதில் நமக்குப் பெருமை உண்டு. அடுத்த குருவைத் தெரிந்துகொள்ளும் நேரம் வந்தபோது, தஞ்சைப் பகுதியில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர். தமிழில் அச்சான சுவிசேஷத்தை வாசித்துத் தொடப்பட்டவர். தஞ்சைநாட்டு ஊழியத்தில் மிகுந்த கனி கொடுத்தவர். ஆனால் 1741-இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து 1771-இல் மரித்தார். காரணம் இதுவே: ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவருடைய கையிலிருந்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தைப் பெறத் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள்.

இதைச் சற்று நின்று தியானியுங்கள். ஆத்துமாக்களை இழந்துவிடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தோடுதான் அவர்கள் அந்த முடிவை எடுத்தார்கள். 'வருகிறவர்கள் சங்கடப்படுவார்கள்' என்பதே அன்றும் காரணம். நம் வாலிபத் தம்பி சொன்ன அதே வாக்கியம்! சென்ற ஞாயிறு அதைக் கேட்டு நான் முகம் சுளித்தேன். ஆனால் நம்முடைய சபையின் வரலாற்றில் அந்த வாக்கியத்திற்குக் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு வயது ஆகிறது என்பதை நான் மறந்திருந்தேன்.

கல்கத்தாவின் அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பி, சபைக்குள் சாதிப் பாகுபாடு முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திரளான குடும்பங்கள் சபையைவிட்டு வெளியேறின. அந்நாட்களில் தஞ்சையில் வாழ்ந்தவர், நாம் பெருமையோடு நினைக்கும் சுவிசேஷ கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). புதிய மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளை ஒதுக்கியபோதும், பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியபோதும் அவர் துணிவோடு எதிர்த்து எழுதினார். அதில் பெரும்பகுதி நியாயம். அவர் நின்று காத்ததால்தான் நாம் இன்றும் நம்முடைய ராகத்தில் நம் ஆண்டவரைப் பாடுகிறோம். ஆனால் அதே பேனாவால் சபைக்குள் சாதி வழக்கங்கள் தொடரவும் அவர் வாதாடினார். பாரம்பரியத்தைக் காக்கிற ஒரே கையில் ஜீவனுள்ளதும் செத்ததும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு அந்தப் பெரியவரே நமக்குச் சாட்சி. அவரைவிட நாம் பரிசுத்தர் என்று எண்ணவேண்டாம்.

நம்முடைய மாவட்டத்திலேயே இன்னொரு சாட்சியும் உண்டு. பண்ருட்டிக்கு அருகிலுள்ள மேல்பட்டாம்பாக்கம் உங்களுக்குத் தெரியும். லைப்சிக் மிஷனில் ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் என்பவர், சாதியைச் சபைக்குள் சகித்துக்கொள்ளும் தம் மிஷனின் போக்கை ஏற்க மறுத்தார். அதைச் சமுதாய வழக்கம் என்று கருதிப் பொறுமையாய் இருக்கலாம் என்றது மிஷன். ஒரே ஆண்டவருடைய பந்தியில் உட்காருகிறவர்கள் வீட்டுப் பந்தியிலும் ஒன்றாக உண்ணவேண்டும் என்றார் ஓக்ஸ். அவர் அந்த மிஷனைவிட்டு விலகி, 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பெயரில் ஊழியம் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷனோடு இணைந்தார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு பந்தியின்மேல் கொண்ட வைராக்கியத்தால் நம் மண்ணில் ஒரு திருச்சபையே பிறந்தது! அப்படிப் பிறந்த சபைகளிலும் இன்று எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பழைய கதை என்று ஆறுதல் கொள்ளவும் நமக்கு வழியில்லை. 2008 மார்ச் மாதத்தில், நமக்கு அதிகத் தூரத்திலில்லாத உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில், ஒரே ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்குள் சாதியின் பெயரால் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மடிந்தார்கள். கத்தோலிக்கச் சகோதரரை நோக்கி விரல் நீட்ட இதை எழுதவில்லை. நம்மில் பலருடைய கல்லறைத் தோட்டங்களையும் பெண்கொடுக்கும் வழக்கங்களையும் திறந்துபார்த்தால், நீட்டிய விரல் நம்மிடமே திரும்பும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். அவ்வூரில் நாம் சிறு கூட்டமாக வாழ்கிறோம். நம்மைச் சுற்றியுள்ளவர்கள் நம் ஆலயத்து விளக்குகளின் வண்ணத்தைப் பார்த்து இயேசுவை எடைபோடுவதில்லை. நாம் யாரோடு உண்கிறோம், யாருக்குப் பெண் கொடுக்கிறோம் என்றே பார்க்கிறார்கள்.

கொரிந்து பட்டணத்துச் சபையைப் பவுல் கடிந்துகொண்டதும் இதற்காகத்தான். அக்காலத்து ரோமானிய விருந்துகளில் விருந்தினரின் தகுதிக்கேற்ப இடமும் உணவும் வேறுபடுவது வழக்கம். யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. கொரிந்து விசுவாசிகள் அந்த வழக்கத்தை எந்தத் தீர்மானமும் போடாமலே கர்த்தருடைய பந்திக்குள் கொண்டுவந்தார்கள். வசதியுள்ளவன் முந்தி உண்டு வெறிகொண்டான். வேலை முடிந்து பிந்தி வந்த ஏழை பசியோடு நின்றான். நீங்கள் உண்பது கர்த்தருடைய விருந்தே அன்று என்று பவுல் தீர்ப்புச் சொன்னார். அவர்களுடைய உபதேசத்தில் பிழை இருந்ததாக அவர் அங்கே சொல்லவில்லை, பந்தியில்தான் பிழை. அந்தியோகியாவில் பேதுரு அப்போஸ்தலனையே அவர் முகமுகமாக எதிர்த்ததும் (கலா. 2:11-14) ஒரு சாப்பாட்டுப் பந்தியைவிட்டு அவர் விலகியதற்காகத்தான். பேதுரு சுவிசேஷத்தை மறுதலிக்கவில்லை. யாரோ வந்துவிட்டார்களே என்று அஞ்சி எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு விரோதம் என்றார் பவுல்.

ஆகவே, எது உலகம், எது சபை என்று பிரித்தறிய, பழையதா புதியதா என்ற அளவுகோல் போதாது. நாம் பழமை என்று போற்றும் ஆர்மோனியமும் ஒருகாலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த புதுமை. சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியபோது, குறவஞ்சி என்ற நாட்டு இலக்கிய வடிவத்தைத்தான் கிறிஸ்துவுக்கு அடிமைப்படுத்தினார். அத்தேனே பட்டணத்தில் பவுல் கிரேக்கப் புலவர்களுடைய சொற்களையே எடுத்துப் பேசினார். மொழியில் அவர் அவ்வூராருக்கு இணங்கினார். ஆனால் மரித்தோரின் உயிர்த்தெழுதலைச் சொன்னால் பரிகசிப்பார்கள் என்று அறிந்தும் அதை விட்டுவிடவில்லை. சிலர் பரிகசிக்கவும் செய்தார்கள். சுவிசேஷத்திற்கு ஊருக்கேற்ற உடை உடுத்தலாம். சுவிசேஷத்தின் எலும்பை எடுத்துவிடக்கூடாது.

எனவே ஒவ்வொரு மாற்றத்தையும், ஒவ்வொரு பழக்கத்தையும் இரண்டு கேள்விகளால் சோதித்துப் பார்ப்போம். இது என்னைச் சிலுவையின் அடியில் முழங்காலில் நிறுத்துகிறதா, அல்லது அங்கிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்கிறதா? இது கர்த்தருடைய பந்தியை அகலப்படுத்துகிறதா, குறுக்குகிறதா? கிட்டாரை இந்தக் கேள்விகளுக்கு முன் வையுங்கள். சபையார் சேர்ந்து பாடத் துணைசெய்யும்வரை அது தேறும். சபையார் வாய்மூடி மேடையைப் பார்க்கத் தொடங்கினால் தேறாது. பாவ அறிக்கையை விடும் யோசனையை வையுங்கள், தேறாது. சாதி எழுதிய பயோடேட்டாவை வையுங்கள். அது ஒரு நிமிடமும் நிற்காது.

இவற்றை எழுதிவிட்டு நான் சும்மா இருக்கலாகாது. நான் எடுத்த தீர்மானங்களைச் சபைக்கு அறிவிக்கிறேன். பாவ அறிக்கை நம் ஆராதனையில் தொடரும். அதன் பொருளை வருகிற மாதம் முழுவதும் வாலிபர் கூட்டத்தில் போதிப்பேன். சாதி குறிப்பிட்ட வரன் தாளை இனி என் கையால் வாங்கமாட்டேன். யார் கொடுத்தாலும், எத்தனை நெருக்கமானவரானாலும், தாழ்மையோடு திருப்பிக் கொடுப்பேன். லெந்து காலத்தில் நாம் நடத்தும் அன்பின் விருந்தை ஆலய மண்டபத்தில் மட்டும் வைக்காமல், ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் வைக்கும்படி சபைக் குழுவைக் கேட்கப்போகிறேன். யார் வீட்டில் யார் உண்ணத் தயங்குகிறோம் என்பது அன்று நமக்கே தெரியும். இதனால் சிலர் என்னோடு வருத்தப்படுவீர்கள். ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போனாலும் போகலாம். 1741-இல் எடுத்த முடிவை நான் மீண்டும் எடுப்பதைவிட, அந்த வருத்தத்தைச் சுமப்பது நலம் என்று ஜெபத்தில் தீர்மானித்திருக்கிறேன்.

விருத்தாசலத்துப் பீங்கானிடம் மீண்டும் வருகிறேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மை உடனே சூளைக்குப் போவதில்லை. முதலில் உலரவேண்டும். அந்த நிலையில் அது கோணலாக இருந்தால், உடைத்து நீரில் போட்டுக் கரைத்து மறுபடி குழம்பாக்கிவிடலாம். ஒரு பிடி மண்ணும் வீணாகாது. ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சூளைக்குள் போய் வந்தபின்போ, கோணல் கோணலாகவே நிற்கும். உடைத்தால் ஓடுதான் மிஞ்சும். எரேமியா தீர்க்கதரிசியின் பதினெட்டாம் அதிகாரத்தில் குயவன் கையில் கெட்டுப்போன மண் வேறொரு பாண்டமாக வனையப்படுகிறது. அடுத்த அதிகாரத்தில் சுட்ட கலசம் ஒன்று உடைக்கப்படுகிறது. அதைத் திரும்பச் செப்பனிட முடியாது. இரண்டும் அடுத்தடுத்த அதிகாரங்கள். நமக்கு அந்த இரண்டிற்கும் இடையில் இன்னும் காலம் இருக்கிறது.

நம் பிள்ளைகள் இன்னும் ஈரமண். அவர்கள் கிட்டார் கேட்கிறார்கள் என்று கோபிக்கிறோம். ஆனால் திருவிருந்தில் யார் கையிலிருந்து பாத்திரம் வந்தாலும் முகம் மாறாத பெற்றோரை அவர்கள் பார்த்திருக்கிறார்களா? 'நாம் இன்னார்' என்று வீட்டுத் திண்ணையில் பேசாத தாத்தாவைப் பார்த்திருக்கிறார்களா? அவர்களுக்கு நாமே அச்சு. அவர்கள் மறுபடி வனையப்பட வேண்டுமானால், குயவன் கையில் முதலில் உடையவேண்டியவர்கள் மூத்தோராகிய நாம். அந்தத் தம்பியிடமும் இதையே சொல்லப்போகிறேன்: பாவ அறிக்கையை எடுத்துவிடும்படி கேட்காதே, மகனே, நாங்கள் அதை முழு இருதயத்தோடு சொல்கிறோமா என்று எங்களைக் கேள்.

இந்த வாரம் வீட்டில் குடும்ப ஜெபத்தின்போது 1 கொரிந்தியர் பதினொன்றாம் அதிகாரத்தை ஒன்றாக வாசியுங்கள். வாசித்தபின், நம் வீட்டில் இதுவரை உண்ணாத சபையார் யார் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். ஒரு பெயராவது வந்தால், அவர்களை அடுத்த ஞாயிறு சாப்பாட்டிற்கு அழையுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, உம்முடைய குமாரன் எல்லாருக்குமாக உடைத்த அப்பத்தை நாங்கள் எங்களுக்குள் பிரித்துவைத்த பாவத்தை மன்னியும். புதிய உலகத்தின் அச்சையும் பழைய உலகத்தின் அச்சையும் எங்களைவிட்டு நீக்கும். ஈரமண்ணாக உம்முடைய கரத்தில் எங்களை ஒப்புக்கொடுக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு முன்பாக எங்களை முதலில் வனைந்தருளும். ஒரே பந்தியில் எங்களை உட்காரச்செய்யும். எங்கள் ஆண்டவரும் மீட்பருமாகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகன்